கேஸ்டெர்மின் டி ஆன்டிபாடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் காசநோய், எச்ஐவி, அழற்சி என்று ஆய்வகங்களில் வேலை பார்க்கும் தமிழ் மாணவர்களும் டெக்னீஷியன்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தில் போய் நிற்கும்: கையில் இருக்கும் ஆன்டிபாடி கேஸ்டெர்மின் டி புரதத்தின் எந்த இடத்தைப் பிடிக்கிறது?

கேஸ்டெர்மின் டி-ன்னா என்ன? ஏன் இப்போ எல்லாரும் இதையே தேடுறாங்க?

செல்லுக்குள் கிருமி புகுந்தாலோ ஆபத்துக்கான வேறு அறிகுறி தெரிந்தாலோ சில செல்கள் தங்களையே வெடிக்கவைத்துக்கொண்டு சாகும். சாகும்போது அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியே கொட்டும். இந்தச் சாவுக்குப் பைரோப்டோசிஸ் என்று பெயர். சவ்வில் துளை போட்டு அதை நடத்திவைக்கும் புரதம்தான் கேஸ்டெர்மின் டி. 2015-ல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழுவும் கலிஃபோர்னியாவில் ஜெனென்டெக் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டறிந்தன.

மனிதப் புரதத்தில் 484 அமினோ அமிலங்கள். எடை ஏறத்தாழ 53 கிலோடால்டன். முன்பாதிதான் துளை போடும். பின்பாதி அதை மடக்கிப் பிடித்து அடக்கி வைத்திருக்கும். புரதங்களை வெட்டும் என்சைம்களான கேஸ்பேஸ்-1 அல்லது கேஸ்பேஸ்-4, 5 (எலியில் 11) இந்த இரண்டு பாதிக்கும் நடுவே 275-ஆவது அமினோ அமிலமான அஸ்பார்ட்டேட்டை ஒட்டி வெட்டினால் 31 கிலோடால்டன் முன்துண்டும் 22 கிலோடால்டன் பின்துண்டும் பிரியும். முன்துண்டுகள் முப்பதுக்கு மேல் வட்டமாகக் கூடி ஏறத்தாழ 21 நானோமீட்டர் அகலமுள்ள துளையாகின்றன. அழற்சியைத் தூண்டும் 17 கிலோடால்டன் புரதமான ஐஎல்-1 பீட்டா அதன் வழியே தாராளமாக வெளியேறும்.

ஆன்டிபாடி வாங்கணும். பட்டியல்ல ‘முழு’, ‘வெட்டுண்டது’, ‘என் முனை’, ‘சி முனை’ன்னு பத்து வகை இருக்கு. எது?

முன்பாதியை (என் முனை) பிடிக்கும் ஆன்டிபாடி 53-ஐயும் 31-ஐயும் காட்டும். பின்பாதியை (சி முனை) பிடிப்பது 53-ஐயும் 22-ஐயும் காட்டும். துளை போடும் துண்டு அதன் கண்ணில் படவே படாது. மூன்றாவது வகை, வெட்டு விழுந்த பிறகு 275-இல் புதிதாகத் தோன்றும் முனையை மட்டும் பிடிக்கும். அதற்கு 53 தெரியாது, 31 மட்டுமே தெரியும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், முன்பாதியைப் பிடிக்கும் முயல் மோனோகுளோனலை (ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் ஒரே வகை ஆன்டிபாடி) வாங்குங்கள். ஒரே பிளாட்டில் (ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்த புரதங்களை ஒரு சவ்வுத் தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்) முழுப் புரதமும் துண்டும் தெரிந்தால்தான் எவ்வளவு வெட்டுண்டது என்று சொல்ல முடியும். மூன்றாவது வகை திசு வெட்டுகளுக்கு மிக நல்லது, பிளாட்டில் தனியாக நம்பக் கூடாது. பட்டை வரவில்லை என்றால் வெட்டு நடக்கவில்லையா, அந்தச் செல்லில் புரதமே இல்லையா என்று அதைக் கொண்டு தெரியாது. பல ஆன்டிபாடிகளின் கலவையான பாலிகுளோனல் மலிவுதான், ஆனால் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் பட்டைகளும் மாறும். மூன்று வருட ஆய்வின் நடுவில் அந்தத் தலைவலி வேண்டாம்.

தரவுத்தாளில் ‘இம்யூனோஜென்’ (ஆன்டிபாடியை உண்டாக்க விலங்குக்குச் செலுத்திய புரதப் பகுதி) என்ற வரியைப் படிக்காமல் ஆர்டர் போடாதீர்கள். அங்கே அமினோ அமில எண்கள் தரப்படாமல் ‘உற்பத்தியாளரின் ரகசியம்’ என்று இருந்தால், முன்பாதியா பின்பாதியா என்று மட்டுமாவது எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள்.

மனுஷ செல்லுக்கு வாங்கினதை எலி செல்லுக்குப் போடலாமா?

தரவுத்தாள் இரண்டையும் சொன்னால் போடலாம், சொல்லாவிட்டால் வேண்டாம். இரண்டு புரதங்களுக்கும் வரிசை கணிசமாக வேறுபடுகிறது. வெட்டு விழும் இடத்தில்கூட மனிதனில் 275, எலியில் 276. அதற்கு முந்திய மூன்று அமினோ அமிலங்களில் இரண்டு வேறு. அதனால் வெட்டுமுனையைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் ஒரு இனத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பெட்டி ஜொஹானஸ்பர்க்ல கஸ்டம்ஸ்ல மூணு நாள் கிடந்துச்சு. வரும்போது ஐஸ் எல்லாம் தண்ணி. தூக்கிப் போட்டுடணுமா?

வேண்டாம். ஐஜிஜி ஆன்டிபாடி முரட்டுப் புரதம். சாதாரண அறை வெப்பத்தில் சில நாள் கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குப்பியைச் சுழற்றி அடியில் சேர்த்து, வந்த தேதியையும் நிலையையும் எழுதிவைத்து, பாசிட்டிவ் கன்ட்ரோல் லைசேட்டில் (பட்டை நிச்சயம் வர வேண்டிய செல்களை உடைத்து எடுத்த கரைசல்) ஒரு பிளாட் ஓட்டிப் பாருங்கள். பட்டை சரியாக வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால் படத்தோடு விற்பனை முகவருக்கு எழுதுங்கள். வந்த வாரமே எழுதினால்தான் மாற்றித் தருவார்கள். ஆறு மாதம் கழித்துச் சோதித்துவிட்டுப் புகார் சொன்னால் எடுபடாது.

முதல் ஆன்டிபாடியைப் பிடித்துப் பட்டையைத் தெரியவைக்கும், எச்ஆர்பி என்சைம் ஒட்டிய இரண்டாம் ஆன்டிபாடிக்கு இந்தத் தாராளம் கிடையாது. அதில் என்சைமும் தாங்க வேண்டும். இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கிளம்பும் பெட்டி வாரக்கடைசியைக் கிடங்கில்தான் கழிக்கும். டிசம்பர் நடுவில் முகவர்கள் கதவடைத்தால் ஜனவரியில்தான் திறப்பார்கள். நவம்பர் முதல் வாரத்துக்குள் கையில் வராத ஆர்டரைப் புது வருடக் கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

லோட் ஷெடிங்ல ஃப்ரீசர் போய்ப் போய் வருது. ஆன்டிபாடியை எங்க வைக்கிறது?

2023-ல் இருந்த அளவுக்கு மின்வெட்டு இப்போது இல்லை. ஆனாலும் பழக்கத்தை விடாதீர்கள். 50 சதவீத கிளிசரால் கலந்து வரும் ஆன்டிபாடி மைனஸ் 20-ல் உறையாது, அதனால் இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டு அதைத் தொடாது. அதை மைனஸ் 80-ல் வைக்காதீர்கள், அங்கே உறைந்துவிடும். கிளிசரால் இல்லாத குப்பிகளுக்குத்தான் உறைதலும் உருகலும் எமன். அவற்றை வந்த அன்றே 10 மைக்ரோலிட்டருக்குக் குறையாமல் பிரித்து வையுங்கள். அதைவிடச் சிறிதாகப் பிரித்தால் குழாய்ச் சுவரில் ஒட்டியே பாதி போய்விடும்.

தானாகப் பனி கரைக்கும் வீட்டு ஃப்ரீசரில் எதையும் வைக்காதீர்கள். மின்சாரம் சீராக இருந்தாலும் அது தன் பாட்டுக்குச் சூடாகிச் சூடாகிக் குளிரும்.

டிரான்ஸ்ஃபர் (ஜெல்லிலிருந்து சவ்வுத் தாளுக்குப் புரதத்தை மின்சாரத்தால் மாற்றுவது) ஓடும்போது மின்சாரம் போனால் பதற வேண்டாம். பெட்டியைத் திறக்காமல் ஐஸில் வைத்து, மின்சாரம் வந்ததும் மீதி நேரத்தை ஓட்டுங்கள். பட்டை கொஞ்சம் பரவும், அவ்வளவுதான். அட்டவணை பார்த்து டிரான்ஸ்ஃபரை அந்த நேரத்தில் வைக்காமல் இருப்பதே நல்லது. இரவு முழுக்க குளிர்அறையில் ஆடும் பிளாட்டைத் திறந்த டப்பாவில் விடாமல் 50 மில்லி குழாயிலோ ஒட்டிய பையிலோ வையுங்கள். ஆட்டும் கருவி நின்றுபோனாலும் சவ்வு காயாது.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு செல்லை எப்படித் தூண்டுறது?

டிஎச்பி-1 என்ற மனித மோனோசைட் வகைச் செல்கள் போதும். ஆறு குழித் தட்டில் குழிக்கு 10 லட்சம் செல். செல்களை மேக்ரோஃபேஜ் போல மாற்ற 100 நானோமோலார் பிஎம்ஏ போட்டு 24 மணி நேரம், பிறகு அதைக் கழுவிப் புது மீடியத்தில் ஒரு நாள் ஓய்வு. பாக்டீரியாச் சுவர்ப் பொருளான எல்பிஎஸ் மில்லிக்கு 1 மைக்ரோகிராம், 3 மணி நேரம். அதன் பிறகு சீரம் இல்லாத மீடியத்துக்கு மாற்றி, நைஜெரிசின் 10 மைக்ரோமோலார், 45 முதல் 60 நிமிடம். மைக்ராஸ்கோப்பில் செல்கள் பலூன்போல் ஊதி, உள்ளே உட்கரு மட்டும் பளிச்சென்று தெரிந்தால் வேலை செய்கிறது.

மூன்று குழிகள் கட்டாயம்: ஒன்றும் போடாதது, எல்பிஎஸ் மட்டும், எல்பிஎஸ்ஸும் நைஜெரிசினும். முடிந்தால் நான்காவதில் நைஜெரிசினுக்கு அரை மணி முன்பு எம்சிசி950-ஐ 10 மைக்ரோமோலார் போடுங்கள். அது நைஜெரிசினால் தூண்டப்பட்டுக் கேஸ்பேஸ்-1-ஐ இயக்கும் என்எல்ஆர்பி3 புரதத்தை அடைக்கும். அதில் 31 பட்டை மறைந்தால், பட்டை அந்த வழியாகத்தான் வந்தது என்று உறுதி. சீரத்தை ஏன் எடுக்கச் சொல்கிறோம் என்பது அடுத்த விடையில் இருக்கிறது.

அண்ணா, செல் எல்லாம் செத்தது கண்ணால தெரியுது. லைசேட்ல 53 மட்டும்தான் வருது, 31 வரவே இல்ல. ஆன்டிபாடி கெட்டுப்போச்சா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஆன்டிபாடி நன்றாகத்தான் இருக்கும். வெடித்த செல்கள் தட்டை விட்டுக் கிளம்பிவிட்டன. அவற்றின் துண்டுகள் நீங்கள் சிங்க்கில் கொட்டிய சூப்பர்நேட்டன்ட்டில் (செல்களுக்கு மேலே இருந்த மீடியம்) போய்விட்டன. தட்டில் ஒட்டியிருப்பவை சாகாமல் தப்பியவை. அவற்றைச் சுரண்டி எடுத்து ஜெல்லில் ஓட்டினால் வெட்டுப்படாத 53 தெரிவதில் ஆச்சரியம் என்ன?

சூப்பர்நேட்டன்ட்டை வீழ்படிவாக்குங்கள். 500 மைக்ரோலிட்டருக்கு அதே அளவு மெத்தனால், 125 மைக்ரோலிட்டர் குளோரோஃபார்ம். நன்றாகக் குலுக்கி 13,000 ஜி-யில் 5 நிமிடம் சுழற்றினால் நடுவே வெள்ளைத் தட்டாகப் புரதம் நிற்கும். மேல் அடுக்கைப் பதமாக உறிஞ்சி எடுங்கள். வெள்ளைத் தட்டைத் தொட்டுவிடாதீர்கள். அவசரப்படுகிறவர்கள் புரதத்தைக் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். இன்னொரு 500 மெத்தனால், குலுக்கல், மறுபடி 5 நிமிடச் சுழற்சி. திரவத்தைக் கொட்டிவிட்டு 55 டிகிரியில் சில நிமிடம் உலர்த்தி, 40 மைக்ரோலிட்டர் சாம்பிள் பஃபரில் கரைத்து 95 டிகிரியில் கொதிக்கவையுங்கள். எலும்புபோல் காயவிட்டால் பிறகு கரையாது. குளோரோஃபார்ம் கழிவு தனிப் புட்டியில் போக வேண்டும். சீரம் உள்ள மீடியத்தில் இதைச் செய்தால் மாட்டு ஆல்புமினும் ஐஜிஜியும் மலைபோல் சேர்ந்து, 50-க்கும் 70-க்கும் நடுவே ஜெல்லைக் கோணலாக்கி 53 பட்டையை நசுக்கிவிடும்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. 24 குழித் தட்டில் சீரம் இல்லாத 200 மைக்ரோலிட்டர் மீடியத்தில் தூண்டுங்கள். முடிந்ததும் எதையும் எடுக்காமல் 4 மடங்கு சாம்பிள் பஃபரை 70 மைக்ரோலிட்டர் நேராகக் குழியில் விடுங்கள். செல்லும் திரவமும் ஒன்றாக வந்துவிடும். டிஎன்ஏவால் கோந்துபோல் இழுக்கும். 25 கேஜ் ஊசியில் பத்துத் தரம் உறிஞ்சித் தள்ளினால் இளகும். எது உள்ளே, எது வெளியே என்று பிரித்துச் சொல்ல வேண்டிய கேள்வி உங்களுக்கு இல்லையென்றால் இந்த வழியே மேல். இன்னும் ஒன்று: முன்துண்டு சவ்வில் புதைந்திருக்கும். மென்மையான டிடர்ஜென்ட்டில் லைசேட் எடுத்து, அடியில் தங்கும் கட்டியைத் தூக்கிப்போட்டால் துண்டில் ஒரு பகுதி அதோடு போகும். எஸ்டிஎஸ்ஸில் நேராகக் கரைப்பது அதையும் காப்பாற்றுகிறது.

ஜெல், டிரான்ஸ்ஃபர், டைல்யூஷன்: எண்ணை மட்டும் சொல்லுங்க.

12 சதவீத ஜெல் அல்லது 4–12 கிரேடியன்ட். லைசேட் 20 மைக்ரோகிராம். சூப்பர்நேட்டன்ட் மேலே சொன்ன 40-இல் பாதி. 0.2 மைக்ரான் பிவிடிஎஃப் சவ்வு, மெத்தனாலில் நனைத்தது. 0.45 போட்டால் 22 துண்டு ஓரளவு தாண்டிப் போய்விடும். 20 சதவீத மெத்தனால் பஃபரில், குளிரில், 100 வோல்ட், 60 நிமிடம். பிளாக்கிங் (சவ்வின் வெற்றிடங்களை மூடுவது) 5 சதவீதப் பாலில், ஒரு மணி நேரம். முதல் ஆன்டிபாடி 1:1000, 4 டிகிரியில் இரவு முழுவதும். டிபிஎஸ்டி-யில் 10 நிமிடக் கழுவல் மூன்று. எச்ஆர்பி இரண்டாம் ஆன்டிபாடி 1:5000, ஒரு மணி நேரம். மறுபடி மூன்று கழுவல். கழுவலில் கஞ்சத்தனம் செய்தால் பின்னணி கறுத்துப்போகும்.

நீர்த்த முதல் ஆன்டிபாடியை பிஎஸ்ஏ-யில் (மாட்டு ஆல்புமின்) வைத்து 0.02 சதவீத சோடியம் அசைடு போட்டால் 4 டிகிரியில் சில தடவை மறுபடி பயன்படுத்தலாம். அசைடு எச்ஆர்பியைக் கொன்றுவிடும், ஆகவே இரண்டாம் ஆன்டிபாடி இருக்கும் எந்தத் திரவத்திலும் அது இருக்கக் கூடாது.

பிளாக்கிங்குக்குக் கடைப் பால்பொடி போதுமா?

கொழுப்பு நீக்கியது என்றால் போதும். ஆய்வகத் தரம் என்று பத்து மடங்கு விலையில் விற்பதும் அதேதான். ஃபுல் கிரீம் வேண்டாம், சவ்வில் திட்டுத் திட்டாகப் படியும். டீ அறையில் இருக்கும் கிரெமோரா பால்பொடியே இல்லை, காபி கிரீமர். அவசரத்துக்குக்கூட அதைத் தொடாதீர்கள். கலக்கிய பாலை அன்றே முடியுங்கள். டர்பன் பிப்ரவரியில் வெளியே வைத்த பால் மறுநாள் தயிராகிவிடும், சவ்விலும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தூண்டின லேன்ல ஆக்டின் பாதியா குறைஞ்சிருக்கு. ரிவ்யூவர் ‘லோடிங் சரியில்ல’ன்னு எழுதிட்டார். என்ன பதில் சொல்றது?

எல்லா லேனிலும் ஒரே அளவு புரதம் ஏற்றியதா என்று காட்ட வழக்கமாகப் பார்ப்பது ஆக்டின். ஆனால் செல் வெடித்தால் ஆக்டினும்தான் வெளியே போகும். இந்தச் சோதனையில் ஆக்டின் குறைவது லோடிங் தவறு அல்ல, உங்கள் முடிவின் ஒரு பகுதி. சூப்பர்நேட்டன்ட்டில் ஆக்டின் கூடியிருப்பதைப் பக்கத்தில் காட்டினாலே பாதி பதில் வந்துவிடும். அடுத்த தடவை சவ்வை பொன்சோவில் நிறமேற்றிப் படம் எடுத்து வையுங்கள். லேன் முழுவதன் புரதத்தை வைத்துச் சமன் செய்வதே இங்கே நியாயம். குழியில் நேராகக் கரைக்கும் முறையில் இந்தச் சிக்கலே எழாது.

31-க்குப் பதிலா 43-ல ஒரு பட்டை வருது. இது வேற ஏதாவது ஒட்டிக்கிட்டதா?

பெரும்பாலும் உண்மையான பட்டைதான், ஆனால் சொல்லும் செய்தி தலைகீழ். செல் வெடிக்காமல் அமைதியாகச் சாகும் அப்போப்டோசிஸில் கேஸ்பேஸ்-3 இந்தப் புரதத்தை 87-ஆவது அஸ்பார்ட்டேட்டில் வெட்டும். துளை போடும் பாதியே நடுவில் அறுபடுவதால் புரதம் செயலிழக்கும். மிச்சம் 43 கிலோடால்டன். ஆகவே 43 வலுத்து 31 மெலிந்திருந்தால் செல்கள் பைரோப்டோசிஸில் சாகவில்லை, அல்லது இரண்டு வழியும் கலந்திருக்கிறது. அதே சாம்பிளில் வெட்டுண்ட கேஸ்பேஸ்-3-ஐயும் பாருங்கள்.

உங்கள் ஆன்டிபாடி முதல் 87-க்குள் பிடிப்பதாக இருந்தால் 43 தெரியாது, 10 கிலோடால்டனில் ஒரு சிறு துண்டுதான் தெரியும். அதுவும் ஜெல்லின் அடியில் ஓடிவிட்டிருக்கும். இன்னொரு கண்ணி: ஏற்கெனவே உண்டான 31 துண்டையும் கேஸ்பேஸ்-3 அதே 87-இல் வெட்டலாம். அப்போது 20-ஐ ஒட்டி ஒரு பட்டை வரும். அதைப் பார்த்து ‘இதோ 22 பின்துண்டு’ என்று எழுதிவிடாதீர்கள். ஆன்டிபாடி எந்தப் பாதியைப் பிடிக்கிறது என்று தெரிந்தவருக்கு இந்தக் குழப்பம் வராது.

எங்க பிளாட்ல ஏழெட்டு பட்டை. எது நிஜம்னு எப்படித் தெரியும்?

ஜீனை நீக்கிய செல்லை ஓட்டுங்கள். அதில் மறைவது நிஜம், மறையாதது ஒட்டுண்ணி. இதற்கு மாற்று இல்லை. கிறிஸ்பர் வசதி இல்லாதவர்கள் எச்இகே293டி லைசேட்டை ஒரு லேனில் வையுங்கள். அந்தச் செல்லில் கேஸ்டெர்மின் டி இயல்பாகக் கிடையாது. முழுப் புரதத்தின் பிளாஸ்மிட்டை அதற்குள் செலுத்தினால் பாசிட்டிவ் லேனும் அதே செல்லில் கிடைக்கும். முதல் ஆன்டிபாடி இல்லாமல் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்ட சவ்வுத் துண்டும் வேண்டும். எத்தனையோ ‘புதிய துண்டுகள்’ அதில்தான் காணாமல் போகும்.

ரா 264.7 செல்லுல நைஜெரிசின் எவ்வளவு போட்டும் வெட்டு வரல.

வராது. அது எலி மேக்ரோஃபேஜ் வகைச் செல். அதில் இரண்டையும் இணைக்கும் ஏஎஸ்சி புரதம் இல்லை, என்எல்ஆர்பி3-யால் கேஸ்பேஸ்-1-ஐக் கூப்பிட முடியாது. எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த எலி மேக்ரோஃபேஜுக்கோ ஜே774-க்கோ மாறுங்கள்.

அனெக்ஸின் பாசிட்டிவ் வந்தா அப்போப்டோசிஸ்தானே?

அப்போப்டோசிஸைக் காட்டப் பயன்படுத்தும் அனெக்ஸின், துளை விழுந்த செல்லிலும் உள்ளே போய் ஒட்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரியில் அதை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. 43-ஆ 31-ஆ என்று பிளாட்டில் பாருங்கள்.

31 பட்டை தடிமனா இருக்கு, ஆனா எல்டிஎச் வெளிய வரல. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். வெட்டு, துளை, வெடிப்பு மூன்றும் மூன்று படிகள். ஆன்டிபாடி முதல் படியை மட்டும் காட்டுகிறது. செல்லுக்குள் இருக்கும் என்சைமான எல்டிஎச் ஏறத்தாழ 140 கிலோடால்டன். அது துளை வழியே எளிதில் வராது, சவ்வே கிழிந்தால்தான் வரும். அந்தக் கிழிசலை நின்ஜ்1 என்ற வேறொரு புரதம் செய்கிறது என்று 2021-ல் தெரியவந்தது. மீடியத்தில் 5 மில்லிமோலார் கிளைசின் இருந்தால் கிழிசல் தடைபடும். துளை அப்படியே இருக்கும், ஐஎல்-1 பீட்டா வெளியே வரும், எல்டிஎச் வராது.

டைசல்ஃபிரம் போட்டவர்களிடமிருந்து இதே கேள்வி வேறு விதமாக வரும்: ‘மருந்து எல்டிஎச்சைக் குறைத்தது, 31-ஐக் குறைக்கவில்லை, சோதனை தோற்றதா?’ தோற்கவில்லை. குடியை நிறுத்தக் கொடுக்கும் அந்த மாத்திரை 191-ஆவது சிஸ்டீனைப் பிடித்துத் துளை கூடுவதைத் தடுக்கிறது, வெட்டைத் தடுப்பதில்லை. டைமெத்தில் ஃப்யூமரேட்டும் அதே சிஸ்டீனைத் தொடும், ஆனால் கேஸ்பேஸ் நெருங்குவதையே குறைப்பதால் 31 பட்டையும் மெலியும். துளையை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்றால் ப்ரொப்பிடியம் அயோடைடு உள்ளே நுழைவதை நிமிடக் கணக்கில் அளவிடுங்கள். டிடிடி போடாத சாம்பிள் பஃபரில், கொதிக்கவைக்காமல் ஜெல் ஓட்டினால் கூடிய துண்டுகள் ஜெல்லின் மேல்புறத்தில் தெரியும்.

காசநோய்க் கிருமியோடு வேலை செய்பவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கிருமி சுரக்கும் பிடிபிபி என்ற பாஸ்ஃபடேஸ், முன்துண்டு போய் ஒட்ட வேண்டிய சவ்வுக் கொழுப்பைச் சிதைக்கிறது என்று 2022-ல் காட்டியிருக்கிறார்கள். வெட்டு நடந்தும் துண்டு சவ்வுக்குப் போகாமல் நிற்கும். அங்கே 31 பட்டையை மட்டும் வைத்துப் ‘பைரோப்டோசிஸ் நடந்தது’ என்று எழுதினால் தவறாகிவிடும்.

உயிர்க்கிருமி போட்ட சாம்பிளை பிஎஸ்எல்-3 அறையில இருந்து எப்படி வெளிய கொண்டு வர்றது?

ஆபத்தான கிருமிகளுக்கான உயர் பாதுகாப்பு அறைதான் பிஎஸ்எல்-3. அங்கிருந்து வெளியே கொண்டுவருவது உங்கள் ஆய்வகம் சோதித்து உறுதி செய்து எழுதிவைத்த செயலிழப்பு முறைப்படி மட்டும். எஸ்டிஎஸ் பஃபரில் கொதிக்கவைத்த லைசேட்டானாலும் சரி, 0.2 மைக்ரான் வடிகட்டியில் இரண்டு தரம் வடித்த சூப்பர்நேட்டன்ட்டானாலும் சரி, தட்டில் வளர்த்துப் பார்த்து உயிரில்லை என்று காட்டிய பிறகே அந்த முறைக்கு அனுமதி. குழியில் நேராகக் கரைக்கும் முறை இங்கேயும் கைகொடுக்கும். கொதிக்கும் நேரத்தைக் கூட்டினால் பட்டைக்கு ஒன்றும் ஆகாது. வடிகட்டியில் கொஞ்சம் புரதம் ஒட்டிக்கொள்ளும், எனவே கன்ட்ரோல் குழிகளையும் அதே வடிகட்டியில் வடியுங்கள்.

நுரையீரல் பயாப்ஸி பாரஃபின் வெட்டுல போடலாமா?

போடலாம், ஆனால் முழுப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் ‘இந்தச் செல்லில் இது இருக்கிறது’ என்று மட்டுமே சொல்ல முடியும். சாவைப் பற்றிச் சொல்ல வெட்டுமுனை ஆன்டிபாடி வேண்டும். 4 மைக்ரான் வெட்டு, பிஎச் 9 பஃபரில் 20 நிமிடச் சூடு, 1:100-இல் தொடங்கி 1:50, 1:200, 1:400 என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிளாட்டில் வேலை செய்த ஆன்டிபாடி இதில் வேலை செய்யும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபார்மலினில் வாரக்கணக்கில் ஊறிய பழைய கட்டைகளைக் கடைசியாக வையுங்கள்.

கிரானுலோமாவின் (காசநோய்க் கிருமியைச் சுற்றி நோயெதிர்ப்புச் செல்கள் கட்டும் முடிச்சு) நடுவில் இருக்கும் செத்த பகுதி எந்த ஆன்டிபாடியையும் உறிஞ்சும். அங்கே தெரியும் நிறத்தை எண்ணாதீர்கள், ஓரத்து உயிர்ச் செல்களைப் பாருங்கள். நம்மூர் நுரையீரல்களில் கரித்துகள் படிந்திருக்கும், ரத்தம் கசிந்த இடத்தில் ஹீமோசிடெரின் பழுப்பாகத் தேங்கியிருக்கும். ஆன்டிபாடியைக் காட்டும் டிஏபி நிறமும் பழுப்பு. மேக்ரோஃபேஜ் நிறையப் பழுப்பைக் கண்டு மகிழ்வதற்கு முன் முதல் ஆன்டிபாடி போடாத பக்கத்து வெட்டைப் பாருங்கள். அதிலும் அதே பழுப்பு இருந்தால் சிவப்பு நிறமிக்கு மாறிவிடுங்கள்.

நோயாளி ரத்தத்துல செஞ்சா தூண்டாத சாம்பிள்லயே 31 வருது. இல்லன்னா 31-க்கு கொஞ்சம் கீழ. ஏன்?

காரணம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு. அதன் துகள்களில் இருக்கும் எலாஸ்டேஸ் என்சைமும் இந்தப் புரதத்தை வெட்டும், கேஸ்பேஸ் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால். அதனால் துண்டு கொஞ்சம் சிறியது. வெட்டுமுனை ஆன்டிபாடி அதைப் பார்க்காது. முன்பாதி ஆன்டிபாடி பார்க்கும். சிக்கல் என்னவென்றால், இந்த வெட்டு நோயாளி உடம்பில் நடந்ததா, நீங்கள் செல்லை உடைத்தபோது குழாயில் நடந்ததா என்று பட்டை சொல்லாது. காசநோயிலும் எச்ஐவியிலும் அடர்த்தி குறைந்த நியூட்ரோஃபில்கள், ரத்தச் செல்களை அடர்த்திவாரியாகப் பிரிக்கும் ஃபைக்காலில் பிபிஎம்சி (லிம்ஃபோசைட், மோனோசைட்) அடுக்கோடு சேர்ந்தே வரும். ஆகவே ‘நாங்கள் பிபிஎம்சிதான் எடுத்தோம்’ என்பது பதிலாகாது.

ரத்தத்தை எடுத்த அன்றே பிரியுங்கள். கிளினிக்கிலிருந்து மறுநாள் வரும் குழாய்களை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். செல் கட்டியின் மேல் 95 டிகிரியில் ஏற்கெனவே சூடாக இருக்கும் எஸ்டிஎஸ் பஃபரை நேராக ஊற்றிக் கொதிக்கவையுங்கள். ஐஸில் அரை மணி நேரம் ரிப்பா (செல்லை உடைக்கும் டிடர்ஜென்ட் பஃபர்) என்ற பழக்கம் இங்கே ஆகாது. ரிப்பாதான் வேண்டுமென்றால் எலாஸ்டேஸை அடைக்கும் பிஎம்எஸ்எஃப் 1 மில்லிமோலாரைக் கடைசி நிமிடத்தில் சேருங்கள், தண்ணீரில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். ஒரு சாம்பிளை இரண்டாகப் பிரித்து ஒன்றைச் சூடான எஸ்டிஎஸ்ஸிலும் மற்றதை ரிப்பாவிலும் உடைத்துப் பாருங்கள். ரிப்பாவில் மட்டும் துண்டு வந்தால் அது குழாயில் உண்டானது. இரண்டிலும் வந்தால் சிடி14 மணிகளால் மோனோசைட்டைத் தனியே பிரித்து மறுபடி ஓட்டுங்கள், அதன் பிறகு நோயாளிகளை ஒப்பிடலாம்.